டப்பாவில் குறைந்த மஞ்சள் பொடி

தண்ணீர்த் தட்டுகளைக் கழுவுவது கனகத்தின் வேலை. கோழி ஷெட்டுக்குள் கயிற்றில் தொங்கும் சிவப்புத் தட்டுகள் மொத்தம் அறுபது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை ஒவ்வொன்றாகச் சாய்த்து, பழைய தண்ணீரை வாளியில் கொட்டி, வழவழப்பைத் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டு மறுபடி நேரே நிறுத்த வேண்டும். குஞ்சுகள் சின்னதாக இருக்கும்போது தட்டும் தரையோடு தரையாகக் கிடக்கும். குனிந்தே நடக்க வேண்டும். முட்டி நன்றாக இருந்த காலத்தில் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு அடுப்புக்குப் போய்விடுவாள். இப்போது ஒரு வரிசைக்கு ஒருமுறை தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பண்ணையில் கூட வேலை செய்யும் சுப்பாத்தாள், மொத்தத்தையும் நானே கழுவிக்கிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். கனகம் விடவில்லை. அது மருந்து கலக்கிற தண்ணீர்.

மருந்து அலமாரியின் சாவி கனகத்திடம்தான் இருக்கும். அது அவள் கணவர் வேங்கடசாமி போட்ட சட்டம். வேலைக்காரர்கள் மருந்தை அடுத்த பண்ணைக்கு விற்றுவிடுவார்கள் என்று அவருக்குச் சந்தேகம். தீவன லாரிக்காரன் மூட்டைக்கு ஒரு படி உருவுகிறான் என்று சந்தேகம். கோழி பிடிக்க வருகிறவர்கள் எண்ணும்போது வேண்டுமென்றே பேச்சுக் கொடுக்கிறார்கள் என்று சந்தேகம். பல்லடத்துக்குத் தெற்கே, தென்னந்தோப்பை ஒட்டி ஐயாயிரம் கோழிக்கு ஷெட் போட்டு இருபத்திரண்டு வருஷமாகிறது. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையது. நாற்பது நாளைக்கு வளர்த்துக் கொடுப்பது இவர்கள் பாடு. தின்ற தீவனத்துக்கு எடை வரவில்லை என்றால் நடுவில் எவனோ எடுத்திருக்கிறான். இருபத்திரண்டு வருஷத்தில் வேங்கடசாமி கண்டறிந்தது இந்த ஒன்றுதான். அதைத் தாண்டி அவருக்கு யோசிக்கத் தேவைப்பட்டதும் இல்லை.

கனகம் சூலூர்ப் பக்கத்துப் பெண். எட்டாவது வரை படித்தவள். இருபத்து மூன்று வயதில் கல்யாணமாகி வந்தபோது இங்கே பருத்திக்காடு, பிறகு சோளம், கிணறு வற்றியதும் கோழி. மூன்றுக்கும் அவள் ஒரே மாதிரிதான் உழைத்தாள். இரண்டு தலைமுறைக்கு முன் தெலுங்கு மட்டும் பேசிய குடும்பம் அது. இப்போது சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதும் சாமி கும்பிடுவதும் தெலுங்கில் நடக்கும். சண்டை வந்தால் தமிழுக்கு மாறிவிடுவார்கள். ஒரே மகள் பிரத்யுஷா, போத்தனூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கனகத்துக்கு இப்போது ஐம்பத்தேழு வயது. சர்க்கரை வந்து எட்டு வருஷம், முட்டி தேய்ந்து நான்கு வருஷம்.

வலது முட்டியை மாற்றியே ஆக வேண்டும் என்று கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி டாக்டர் போன சித்திரையில் சொல்லிவிட்டார். கனகம் அன்றைக்கே மனதைத் தயார் செய்துகொண்டாள். அவளுடைய பயமெல்லாம் நாள் தள்ளிப்போவதைப் பற்றித்தான். ஒரு ஈடு கோழியைப் பிடித்துக்கொண்டு போனபின் அடுத்த குஞ்சு வருவதற்குள் பதினைந்து நாள் ஷெட் காலியாக இருக்கும். அந்தப் பதினைந்து நாளில் ஆபரேஷன் நடந்தால்தான் உண்டு. தவறினால் இன்னும் இரண்டு மாதம் குனிந்து நடக்க வேண்டும். கழிப்பறைக்குப் போவதற்கே சுவரைப் பிடிக்கிறவளுக்கு இரண்டு மாதம் சின்னக் காலம் இல்லை.

முதல் பரிசோதனையிலேயே தவறியது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஒன்பதுக்கு மேல். எட்டுக்குள் வந்தால்தான் கத்தி வைப்பேன் என்றார் டாக்டர். அதோடு இன்னொன்றும் சொன்னார். சி.ஆர்.பி. என்று ரத்தத்தில் ஒன்று இருக்கிறதாம். ஐந்துக்குள் இருக்க வேண்டியது கனகத்துக்குப் பதினான்கு இருந்தது. உடம்பில் எங்கோ புண்ணோ அழற்சியோ இருக்கிறது, எங்கே என்று இந்தக் கணக்கு சொல்லாது, இருக்கிறது என்று மட்டும் சொல்லும், அது தணியாமல் செயற்கை முட்டி வைத்தால் அதிலும் கிருமி போய் உட்கார்ந்துகொள்ளும் என்று விளக்கினார். எதற்கும் பல்லைக் காட்டிவிட்டு வாருங்கள், சர்க்கரைக்காரர்களுக்கு ஈறுதான் முதலில் கெடும் என்று ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். பக்கத்துக் கட்டடத்திலேயே இருக்கிற பல் டாக்டரின் பெயர் அதில் இருந்தது.

பக்கத்துக் கட்டடம் என்பதே வேங்கடசாமிக்குப் போதுமானதாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"முட்டியக் காட்டப் போனாப் பல்லுக்கு அனுப்பறான். பல்லுக்குப் போனாக் கண்ணுக்கு அனுப்புவான். கூட்டு சேந்துட்டு நடத்தறானுக. திருடன் இருக்கறான்னு சொல்லுமாம், ஆருன்னு சொல்லாதாமா? நல்ல டெஸ்ட்டு" என்றார். பிறகு, "உனக்குப் பல்லு வலிக்குதா?" என்று கேட்டார்.

இல்லை என்றாள் கனகம்.

அது பொய் என்று சொல்ல முடியாது. வலி என்று பெரிதாக இல்லை. பல் தேய்த்தால் ரத்தம் வரும். அது இரண்டு மூன்று வருஷமாக வருகிறது. காலையில் எழுந்தால் வாய் நாறும். கீழ் வரிசையில் இரண்டு பல் நாக்கால் தள்ளினால் அசையும். அவளுடைய அம்மாவுக்கு ஐம்பது வயதில் ஒரு பல்கூட இல்லை. இந்த வயதில் இப்படித்தான் என்று எடுத்துக்கொண்டாள். அதைவிட, இன்னொரு கோளாறு இருக்கிறது என்று வாயைத் திறந்து சொன்னால் ஆபரேஷன் இன்னும் தள்ளிப்போகும் என்று நினைத்தாள். சும்மா இருந்துவிட்டாள்.

வேங்கடசாமி தன் வழியில் விசாரணையைத் தொடங்கினார். மாத்திரை சரியாகப் போடுகிறாள், கண்ணெதிரே போடுகிறாள். களியும் கீரையும்தான் சமைக்கிறாள். அப்படியும் சர்க்கரை இறங்கவில்லை என்றால் கணக்கில் வராத தீனி ஒன்று இருக்க வேண்டும். சர்க்கரை டப்பாவைத் தம் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பேக்கரி வைத்திருக்கும் நரசிம்மலுவிடம், கனகம் இந்தப் பக்கம் வந்தாளா என்று விசாரித்தார். நரசிம்மலு விவரம் தெரியாமல், வாரம் இரண்டு தடவை வந்து பன் வாங்கிக்கொண்டு போகிறார்களே என்று சொல்லிவிட்டார்.

பன் வாங்கியது உண்மை. முறுக்கும் கொய்யாவும் சோளப்பொரியும் கடிக்க முடியாமல் போனபின், பசித்தால் டீயில் நனைத்துத் தின்ன அது ஒன்றுதான் வாய்க்கு இதமாக இருந்தது. அன்று சாயங்காலம் வேங்கடசாமி எதுவும் சொல்லாமல் பன் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் சாட்சியாகிவிட்டது. விடியும் முன் பின்கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது, ஏன்? கனகம் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கப் போகிறாள். ஒருநாள் பின்னாலேயே வந்து பார்த்தார். தென்னை மரத்தடியில் துப்பியது சிவப்பாக இருந்தது. வெற்றிலையா என்று கேட்டார். ஆமாங்க என்றாள். அவள் வெற்றிலை போட்டு அவர் பார்த்ததில்லை. அதையும் மனதில் குறித்துக்கொண்டார். சாப்பிடும்போது ஒரு பக்கமாகவே மெல்கிறாள். முன்னாடியே எதையோ தின்றுவிட்டு ஒப்புக்குச் சாப்பிடுகிறாள் போலிருக்கிறது. சர்க்கரை பார்க்கும் மிஷின் ஒன்று வாங்கி வந்து, நேரம் காலம் சொல்லாமல் விரலை நீட்டச் சொன்னார். ஷெட்டில் ஈரக் கையோடு நிற்கும்போதும் நீட்டச் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரத்யுஷா போனில் கூப்பிட்டாள். சுற்றி வளைத்து என்னென்னவோ பேசிவிட்டு, "அம்மா, அப்பாகிட்டச் சொல்ல மாட்டேன். எங்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லு. ஸ்வீட்டு ஏதாச்சும் சாப்பிடறியா?" என்று கேட்டாள். கனகம் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மருந்து அலமாரியில் இருந்த மஞ்சள் நிறக் கோழி மருந்துப் பொடியை அவள் தனக்காக முதலில் தொட்டது அந்த வாரத்தில்தான். வலது பக்கக் கடைவாயில் ஈறு கொழுக்கட்டை மாதிரி வீங்கி, சீழும் கோத்துக்கொண்டது. அடுத்த பரிசோதனைக்குப் பத்து நாள் இருந்தது. ஷெட்டில் குஞ்சுகளுக்குச் சளி பிடித்துத் தும்மிக்கொண்டிருந்தன. கம்பெனி சூப்பர்வைசர் சொன்னபடி மஞ்சள் பொடியைத் தண்ணீரில் கலக்கினாள். மூன்றாம் நாள் ஷெட் அமைதியாகிவிட்டது. டப்பாமேல் எழுதியிருந்த ஆங்கிலப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். எப்போதோ ஒருமுறை வாய் வீங்கியபோது மருந்துக் கடைக்காரர் கொடுத்த மாத்திரை அட்டையிலும் இதே பெயர்தான் இருந்தது என்று ஞாபகம். ஐயாயிரம் உயிருக்கு அளந்து கொடுக்கிற கை. தனக்கு அளக்கத் தெரியாதா? நகக்கண் அளவு எடுத்து மோரில் போட்டுக் குடித்தாள். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. ஒரு வாரம் குடித்தாள்.

ஆடியில் எடுத்த பரிசோதனையில் சி.ஆர்.பி. நான்கு. டாக்டரே ஆச்சரியப்பட்டார். சர்க்கரைதான் கொஞ்சமே இறங்கி எட்டரைக்கு மேல் நின்றது. இன்னும் ஒரு சுற்றுப் பார்ப்போம் என்றார். புரட்டாசியில் மறுபடி எடுத்தபோது சர்க்கரை ஒன்பது, சி.ஆர்.பி. பதினேழு. அவர் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். நடுவில் ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். கனகம் இல்லையென்று தலையாட்டினாள். வேங்கடசாமி டாக்டரைப் பார்க்கவில்லை. அவள் தலையாட்டுவதையே பார்த்தார். நான்கு எப்படிப் பதினேழாகும்? லேப் பொய் சொல்ல வேண்டும், இல்லை டாக்டர் பொய் சொல்ல வேண்டும், இல்லை கனகம். திரும்பி வரும்போது சூலூர் தாண்டும்வரை அந்த இரண்டு காகிதங்களையும் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டே வந்தார். பஸ்ஸின் படி உயரமாக இருந்ததால் அவளைப் பிடித்து இறக்கிவிட்டார்.

அடுத்த ஈட்டுக்குக் குஞ்சு வந்து பன்னிரண்டாம் நாள் தும்மல் தொடங்கியது. கனகம் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். சாவியை வாங்கிக்கொண்டு மருந்தை எடுக்க வேங்கடசாமியே போனார். புதிதாகப் பிரித்து ஒரே ஒரு தடவை உபயோகித்த டப்பா அது. முக்கால் இருக்க வேண்டும். அதற்கும் இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. ஆடிக்குப் பிறகும் ஈறு இரண்டு தடவை வீங்கியிருந்தது. ஒவ்வொரு தடவையும் கனகம் முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே எடுக்க வேண்டியிருந்தது. வடிவதற்கும் நாள் அதிகம் பிடித்தது. கடைசித் தடவை புரட்டாசிப் பரிசோதனைக்கு முன்னால் குடித்தது, வடியவே இல்லை.

வேங்கடசாமி டப்பாவோடு ஷெட் வாசலுக்கு வந்தார். சுப்பாத்தாளைக் கூப்பிட்டார். சுப்பாத்தாளின் கொழுந்தன் காரணம்பேட்டைப் பக்கம் சின்னதாக ஒரு பண்ணை வைத்திருக்கிறான் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். இப்போது அது ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

"எத்தன நாளா போகுது?" என்றார்.

சுப்பாத்தாளுக்கு முதலில் விளங்கவில்லை. டப்பாவைச் சாய்த்துக் காட்டினார். உன் கொழுந்தன் பண்ணையில் இப்போது கோழிக்குச் சளி இல்லையாமே என்றார். ஒன்பது வருஷமாக வேங்கடசாமியிடம் வேலை செய்கிறவள் அவள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள். உதறி, நான்காக மடித்துத் தீவன டிரம்மின் மேல் வைத்தாள். அது வேலையை விட்டு நிற்பதற்கு அடையாளம் என்று இருவருக்கும் தெரியும்.

கனகம் பாதி வரிசையில் இருந்தாள். வாளியை அங்கேயே வைத்துவிட்டு, தூண் தூணாகப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வர அவளுக்குச் சற்று நேரமாயிற்று. அதுவரை இருவரும் அப்படியே நின்றார்கள்.

"அவள விடுங்க. பொடிய எடுத்தது நாந்தானுங்க" என்றாள்.

"உன்ற தம்பி பண்ணைக்கா?"

"இல்லீங்க."

"அப்பறம் ஆருக்கு?"

"எனக்குத்தானுங்க. மோருல கலக்கிக் குடிச்சுப்போட்டேன்."

வேங்கடசாமிக்கு அந்த வாக்கியம் எந்தக் கணக்கிலும் உட்காரவில்லை. டப்பாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கோழி மருந்தையா என்றார். கனகம் வாயைத் திறந்து, விரலால் உதட்டை இழுத்துக் காட்டினாள். வெயில் நேராக வாய்க்குள் விழுந்தது. சிவந்து, தடித்து, பல்லைவிட்டு விலகி நின்ற ஈறு. அவள் வாயை அவர் அவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. விரலை எடுத்தபோது நுனியில் ரத்தம் ஒட்டியிருந்தது.

"பல்லக் காட்டோணும்னு அந்த டாக்டரு அன்னைக்கே சொன்னாரு. நீங்க சீட்ட மடிச்சுப் பையில போட்டீங்க. நாளு தள்ளிப் போயிருமின்னு நானும் பேசல" என்றாள் கனகம். குரலை உயர்த்தவில்லை.

சுப்பாத்தாள் துண்டைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டாள். ஆனால் தலையில் கட்டவில்லை. "ஏனுங்க, இனி அக்காளையும் எடை போட்டுத்தான் கம்பெனிக்கு அனுப்புவீங்களாக்கும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். இரண்டு நாள் வரவில்லை. அறுபது தட்டையும் வேங்கடசாமி குனிந்து குனிந்து கழுவினார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. மூன்றாம் நாள், குஞ்சு தேடுகிறது என்று கனகத்தை விட்டுச் சொல்லியனுப்பினார்.

பல் டாக்டரிடம் போவது என்று முடிவானபோதும் சீட்டில் பெயர் இருந்த டாக்டரிடம் போக அவர் ஒப்பவில்லை. பல்லடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, இரண்டு பல் கிளினிக் போர்டைத் தாண்டி மூன்றாவதற்குள் நுழைந்தார். மாடிப்படி இல்லாத ஒரே கிளினிக் அது என்பது கனகத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. டாக்டர் யாஸ்மின், முப்பத்தைந்து வயதிருக்கும். கோயம்புத்தூர் உக்கடத்திலிருந்து தினம் வந்து போகிற பெண். கனகத்தைச் சாய வைத்து, கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் இறக்கி, நம்பர் நம்பராகச் சொல்லிக்கொண்டே போனார். நான்கு, ஆறு, ஏழு, ஆறு. மூன்றுக்குள் இருக்க வேண்டுமாம். வேங்கடசாமி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் உட்கார்ந்து, கம்பியில் கோட்டைத் தாமே எண்ணிப் பார்த்தார்.

அளவெடுத்து முடிந்ததும், கோயம்புத்தூரில் எந்த டாக்டர் உங்களுக்கு ஆள் அனுப்புகிறார் என்று கேட்டார் வேங்கடசாமி.

யாஸ்மின் சிரித்துவிட்டார். "உங்க டாக்டர் ஆருன்னே எனக்குத் தெரியாதுங்க. நீங்களாத்தான் போர்டைப் பாத்து வந்தீங்க. ரெண்டு போர்டைத் தாண்டி வந்ததையும் கண்ணாடி வழியாப் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

பிறகு சிரிப்பை விட்டுவிட்டு விளக்கினார். பல்லின் வேரைச் சுற்றிக் காரை கட்டியாகப் பிடித்திருக்கிறது. அதன்மேல் கிருமி. அதை எதிர்க்க உடம்பு சுரக்கிற பொருள்கள் ஈறோடு நிற்பதில்லை. ரத்தத்தோடு உடம்பு முழுக்கச் சுற்றுகின்றன. அவை ரத்தத்தில் இருக்கிற வரை இன்சுலின் தன் வேலையைச் சரியாகச் செய்யாது. பட்டினி கிடந்தாலும் சர்க்கரை இறங்க மறுக்கும். ஏறின சர்க்கரை ஈறை இன்னும் கெடுக்கும். அந்த சி.ஆர்.பி. ஏறினதும் இந்த அழற்சியால்தான் இருக்கும் என்றார். கையை விரித்துக் காட்டினார்.

"இத்தன பல்லச் சுத்தி இருக்கிற புண்ணையெல்லாம் ஒண்ணாச் சேத்தா இந்த உள்ளங்கை அளவு வருமுங்க. வாய்க்குள்ள இருக்கறதால தெரியல. இதே புண்ணு கால்ல இருந்தா விட்டிருப்பீங்களா?"

மஞ்சள் பொடி விஷயத்தைக் கனகமே சொன்னாள். யாஸ்மினின் முகம் மாறிவிட்டது. அது கோழி எடைக்குப் போட்ட கணக்கு, மனுஷருக்கு இல்லை. ஈரலோ சிறுநீரகமோ போயிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கடிந்துகொண்டார். மருந்து வீக்கத்தை அடக்கியதே தவிரக் காரையை ஒன்றும் செய்யவில்லை, மிஞ்சின கிருமிதான் மருந்துக்குப் பழகிப்போனது என்றார். நடுவில் நான்காகிப் பதினேழான கணக்கு அப்போதுதான் வேங்கடசாமிக்கு விளங்கியது.

அவருக்குப் பழையது ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஈட்டில் கோழிகள் தீவனத்தை வாரித் தின்றன. எடை மட்டும் வரவேயில்லை. தீவனம் திருடினான் என்று சொல்லி ஒருவனை வேலையைவிட்டு அனுப்பினார். பத்து நாள் கழித்துக் கால்நடை டாக்டர் வந்து ஒரு கோழியை அறுத்துக் குடலைக் காட்டினார். உள்ளே முழுக்கப் புண். தின்றதெல்லாம் புண்ணுக்குத்தான் போயிருந்தது. அனுப்பினவனை அவர் திரும்பக் கூப்பிடவில்லை. கனகத்துக்கு இது தெரியும். கிளினிக்கில் அவர் அதை வாயால் சொல்லவில்லை என்றாலும், அவர் எதை நினைக்கிறார் என்று அவர் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்ட விதத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்தது.

நான்கு தடவை போய்வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் வாயில் கால் பகுதியை மரத்துப்போகச் செய்து, ஈறுக்கு அடியில் வேர் வரைக்கும் காரையைச் சுரண்டி எடுத்தார் யாஸ்மின். ஆடின பல் இரண்டையும் பிடுங்கினார். சுரண்டி எடுத்ததைப் பார்க்க வேண்டும் என்று வேங்கடசாமி கேட்க, பஞ்சில் வைத்துக் காட்டினார்கள். கறுப்பாக, தீவனத் துகள் மாதிரி இருந்தது. முட்டி டாக்டரிடமும் பொடியைப் பற்றிச் சொன்னார்கள். அவர் திட்டி முடித்துவிட்டு ஈரலையும் சிறுநீரகத்தையும் சோதித்தார். நல்ல வேளையாகக் கெடவில்லை. சர்க்கரை மாத்திரையில் ஒன்றை மாற்றி எழுதினார். மென்று தின்ன முடிந்ததும் கனகம் பன்னை விட்டுவிட்டாள். கொய்யாக்காயைக் கீறிப் போட்டு நிதானமாகத் தின்றாள். அதை வேங்கடசாமி வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்கழிக் கடைசியில் வந்த பரிசோதனையில் சி.ஆர்.பி. மூன்று. சர்க்கரை ஏழு புள்ளி எட்டு. வேங்கடசாமி இன்னொரு லேபில் மறுபடி ரத்தம் கொடுக்க வைத்தார். அங்கே ஏழு புள்ளி ஏழு. இதெல்லாம் பல்லால் மட்டும் வந்ததா என்று யாஸ்மினிடம் போனில் கேட்டார். முழுசும் பல்லால் என்று சொல்ல மாட்டேன், மாத்திரை மாறியது, சாப்பாடும் மாறியது, பல் வழியை அடைத்துக்கொண்டு நின்றது என்றார் அவர். முழுசும் தன்னால்தான் என்று சொல்லாததால் அந்த டாக்டரை வேங்கடசாமி நம்பினார். பொங்கல் கழிந்து எட்டாம் நாள் ஆபரேஷன் என்று முடிவானது. அந்த ஈட்டுக்குக் குஞ்சு வேண்டாம் என்று கம்பெனிக்கும் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் மத்தியானம் கனகம் கட்டில்மேல் துணிகளை மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு நைட்டி, ஒரு போர்வை, டம்ளர், மெத்தென்ற பல் பிரஷ். வேங்கடசாமி எதிரே நாற்காலியில் உட்கார்ந்து அத்தனை ரிப்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பார்த்து முடித்து மடித்தார். பையில் வைக்கப் போனவர், வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

"பன்னுக்காக நான் உன்னப் பேசாமயே அடிச்சுப்போட்டேன்" என்றார்.

கனகம் போர்வையின் மடிப்பைச் சரிசெய்தாள். அவர் இவ்வளவு பேசுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. இன்னும் ஏதோ சொல்லப் போகிறார் என்று தெரிந்ததால் காத்திருந்தாள்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட எல்லாத்தையுஞ் சொல்லிப்போடோணும். அதுக்குத்தான் கேக்கறேன். எங்கிட்டச் சொல்லாம வேற ஏதாச்சும் இருக்குதா, கனகம்?"

குரல் மெதுவாகத்தான் இருந்தது. அது அக்கறையா, இல்லை பழைய விசாரணைதானா என்று முப்பத்து நான்கு வருஷம் கூட இருந்தும் அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கே தெரியுமா என்பதும் சந்தேகம்தான். அவள் அவர் முகத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள். சொல்லாதது எதுவும் மிச்சமில்லை; டாக்டர் கேட்டால் அதை அவளே சொல்லிக்கொள்வாள். பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து, முட்டி நேராகும்வரை நின்றாள். பிறகு சுவரில் கை வைத்தபடி அறையை விட்டு வெளியே நடந்தாள்.